முழங்கால் அளவு தண்ணீர்

ஊருக்குள் ஏரி: 9

தை பிறக்கும் வாரத்தில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரமாக விடியற்காலையில் நடக்கும் பறவை ஆர்வலர்கள், தொலைநோக்கியை எடுப்பதற்கு முன் தண்ணீர் மட்டத்தைத்தான் பார்ப்பார்கள். ஐப்பசி, கார்த்திகை மழை நிரப்பிவிட்டுப் போன நீர் எவ்வளவு வடிந்திருக்கிறது? அன்றைய பறவைப் பட்டியல் பெரும்பாலும் அதில் அடங்கிவிடும். நீர் நிறைந்து நின்றால் ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, நாமக்கோழி. ஒரு சாண் இறங்கிச் சேறு வெளியே தெரிந்தால் உள்ளான்கள்.

ஒவ்வொரு பறவைக்கும் ஓர் ஆழம் உண்டு. நெடுங்கால் உள்ளான் தன் சிவந்த கால்களின் தயவில் மற்ற உள்ளான்கள் எட்டாத நீரில் நின்று இரை தேடும். கருவால் மூக்கன் நீண்ட அலகைச் சேற்றுக்குள் செருகிப் புழுக்களை எடுக்கும். தட்டைவாயன் என்ற வாத்து மேல்மட்டத் தண்ணீரை அலகால் அரித்துக்கொண்டே நீந்தும். அதன் அலகின் உள்விளிம்பில் சீப்புப் பற்கள் போன்ற வரிசை இருக்கிறது. கொசு உள்ளானின் எடை ஏறக்குறைய 25 கிராம்தான். ஆர்க்டிக் வட்டாரத்துத் துந்திரச் சமவெளியில் குஞ்சு பொரித்துவிட்டு இவ்வளவு தூரம் வரும் அந்தப் பறவைக்குக் கால் நனையும் அளவு நீரும் ஈரச் சேறும் போதும்.

அந்த ஆழமற்ற நீரைத்தான் சென்னை வேகமாக இழந்திருக்கிறது.

ரங்கநாதன் தெருவில் பொங்கல் துணி வாங்க முண்டியடிக்கும் கூட்டத்துக்கு அங்கே ஓர் ஏரி இருந்த நினைவு இருக்காது. நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீண்டு கிடந்ததால் ஆங்கிலேயர்கள் அதை ‘லாங் டேங்க்’ என்றார்கள். 1920-களில் அதைத் தூர்த்துத்தான் தியாகராய நகரை உருவாக்கினார்கள். நுங்கம்பாக்கத்தில் ‘லேக் ஏரியா’ என்ற பெயர் மட்டும் மிஞ்சியது. 1976-ல் திறக்கப்பட்ட வள்ளுவர் கோட்டமும் ஏரி நிலத்தில் எழுந்ததுதான்.

மயிலாப்பூர், அடையாறுவாசிகளுக்கு இப்போது மிக அருகில் இருப்பது அடையாறு முகத்துவாரம். ஆதனூர் ஏரிப் பக்கம் தொடங்கும் ஆறு, செம்பரம்பாக்கத்தின் உபரி நீரையும் வழியில் வாங்கிக்கொண்டு, தியோசாபிகல் சொசைட்டித் தோட்டத்தை ஒட்டிக் கடலைத் தொடுகிறது. 1977-ல் இடிந்த ‘உடைந்த பாலம்’ அருகே நின்றால், கடல் உள்வாங்கும் நேரத்தில் சேற்றுத் திட்டுகள் தலைகாட்டுவதையும் உள்ளான்கள் அவற்றில் இறங்குவதையும் பார்க்கலாம். மணல்மேடு வாயை அடைத்துவிட்டால் ஏற்ற இறக்கம் நின்றுபோகும். சேறும் தெரியாது, இரையும் கிடைக்காது.

இந்த ஊரில் பறவை பார்ப்பது நேற்று வந்த பழக்கம் அல்ல. பத்மாவதி சரித்திரம் எழுதிய அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன் மயிலாப்பூரில் வாழ்ந்தவர். 1950 முதல் 1996-ல் மறையும் வரை ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் காட்டுயிர் பத்தி எழுதினார். 1978-ல் தொடங்கிய மெட்ராஸ் இயற்கையாளர் சங்கம் இன்றும் களநடைகளை நடத்துகிறது. பொங்கல் விடுமுறையில் 2015 முதல் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பில், மொட்டைமாடியில் கால் மணி நேரம் நின்று எண்ணுபவரும் பங்கேற்கலாம்.

பள்ளிக்கரணைக்குப் பாதுகாப்பு தாமதமாகத்தான் வந்தது. 1960-களில் சுமார் 5,000 ஹெக்டேர் பரந்திருந்த சதுப்பு, குப்பைக் கிடங்கும் சாலைகளும் கட்டடங்களும் தின்றது போக மிச்சம் நிற்கிறது. 2007-ல் 317 ஹெக்டேர் காப்புக் காடாக அறிவிக்கப்பட்டது. 2022-ல் 1,247 ஹெக்டேர் ராம்சர் தலமானது. தென்சென்னைப் புறநகரின் முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகளின் உபரி நீர் இங்கே வந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாய்க்குப் போகிறது. வாத்துகள் மேயும் இதே நீர்ப்பரப்புதான் வேளச்சேரியின் வெள்ளத்தையும் தாங்கிக்கொள்கிறது.

ஆகவே ஏரிகளைச் சீரமைக்கும் பொறியாளர்களிடம் பறவை ஆர்வலர்கள் கேட்பது நியாயமானது. தூர்வாரும்போது ஏரி முழுவதையும் ஒரே ஆழமாக வெட்டி, சுற்றிலும் செங்குத்தாகக் கல் பதித்து நடைபாதை போட்டால், கொள்ளளவு கூடும். உள்ளான் நிற்க இடம் இருக்காது. ஒரு பக்கக் கரையையாவது சரிவாக விட வேண்டும். கோரையும் நாணலும் அங்கே வளரட்டும். மழை குறைந்து நீர் பின்வாங்கும் மாதங்களில் அந்தச் சரிவு சேறாகி, வலசை வந்தவற்றுக்குச் சோறு போடும். இதற்குத் தனி நிதி வேண்டியதில்லை. வரைபடம் போடும்போதே ஒரு கோட்டை மாற்றினால் போதும்.

ஏரியைப் பறவைகளுக்காகக் காப்பது தமிழ்நாட்டுக்குப் புதிதும் அல்ல. 1798-ல் செங்கல்பட்டு வட்டார விவசாயிகள் கேட்டதற்காக ஒரு கலெக்டர் பறவைகளைச் சுடக் கூடாது என்று உத்தரவிட்டார். எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரமாவதை அவர்கள் அறிந்திருந்தார்கள். அந்த வேடந்தாங்கலுக்கு அடுத்த வாரம் போவோம்.

(தொடரும்)