இரண்டாயிரம் வெள்ளியில் ஓர் எடிட்டிங் கணினி

எடிட்டிங் செய்யக் கணினி வாங்க வேண்டும் என்று என்னிடம் யோசனை கேட்க வருகிறவர்கள், எந்த கிராஃபிக்ஸ் கார்டு நல்லது என்றுதான் பேச்சைத் தொடங்குவார்கள். நான் அவர்களிடம் முதலில் கேட்பது வேறு. எந்தக் கேமராவில் எடுக்கிறீர்கள்? அது பதிவு செய்யும் கோப்பு எந்த வகை? இந்த இரண்டுக்கும் பதில் தெரியாமல் கணினிப் பாகங்கள் விற்கும் சிம் லிம் ஸ்குவேருக்குப் போனால், கையில் இருக்கும் பணம் தேவையில்லாத பாகத்தில் போய்ச் சேரும்.

நான் திருமணங்களையும் கோயில் விழாக்களையும் தொகுத்துத் தருகிறவள். தோ பாயோ லோரோங் 8இல் ஸ்ரீ வைராவிமட காளியம்மன் கோயிலிலிருந்து நடக்கும் தூரத்தில் வீடு. படுக்கையறையின் ஒரு மூலைதான் என் வேலையிடம். எங்களைப் போன்றவர்களுக்குக் கணினி என்பது தொழில் கருவி. ஒரு குடும்பத்தின் தாலி கட்டும் நிமிடம் அதற்குள் இருக்கிறது. அதனால்தான் இதைப் பற்றி இவ்வளவு அக்கறையோடு பேசுகிறேன்.

அண்மையில் எங்கள் புளோக்கில் இருக்கும் ஒரு பையன் தேசிய சேவையை முடித்துவிட்டு, சேர்த்து வைத்த இரண்டாயிரம் வெள்ளியோடு வந்தான். "ஆன்ட்டி, கேமிங் பிசி வாங்கினா போதும்தானே? அதைவிடப் பெருசு ஒண்ணும் இல்லேன்னு சொல்றாங்க."

"தம்பி, கேம் ஆடும்போது கணினி படத்தைப் புதுசா வரையுது. எடிட் பண்ணும்போது, கேமரா ஏற்கெனவே சுருக்கி வச்ச படத்தைப் பிரிச்சுப் பிரிச்சுக் காட்டணும். ரெண்டும் வேற வேலை."

அந்தச் சுருக்கத்தைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் எளிது. 4கே படத்தின் ஒரு சட்டகத்தில் சுமார் 83 லட்சம் புள்ளிகள் உண்டு. ஒவ்வொரு சட்டகத்தையும் அப்படியே சேமித்தால் எந்த மெமரி கார்டும் தாங்காது. ஆகவே எச்.264, எச்.265 போன்ற முறைகளில் கேமரா ஒரு சட்டகத்தை முழுதாக வைத்துக்கொண்டு, அடுத்து வரும் பல சட்டகங்களில் என்ன மாறியது என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறது. பார்ப்பதற்கு இது சிக்கனமான ஏற்பாடு. ஆனால் டைம்லைனில் நடுவிலுள்ள ஒரு சட்டகத்தில் போய் நிற்கும்போது, கணினி பின்னால் இருக்கும் முழுச் சட்டகத்தைத் தேடிப் போய், அங்கிருந்து ஒவ்வொன்றாகக் கணக்கிட்டு முன்னே வர வேண்டும். முன்னும் பின்னும் இழுத்து இழுத்துப் பார்ப்பதுதான் எடிட்டரின் வேலையே. படம் திக்கித் திக்கி ஓடுவதற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான்.

இந்தப் பிரித்தெடுக்கும் வேலையைப் புராசஸரின் பொதுவான மூளையிடம் விட்டால் அது திணறும். அதற்கென்றே தனிச் சுற்றுகள் சில்லுக்குள் உண்டு. எந்தச் சில்லு எந்த வகைக் கோப்பைப் பிரிக்கும் என்பதில்தான் சூட்சுமம். கைப்பேசியும் சாதாரணக் கேமராக்களும் தரும், வண்ண விவரத்தைக் கூடுதலாகச் சுருக்கும் 4:2:0 வகைக் கோப்பை ஏறக்குறைய எல்லாச் சில்லுகளும் பிரித்துவிடும். ஆனால் 2020இல் வந்த கேனான் ஆர்6, சோனி ஏ7எஸ் 3 போன்ற கேமராக்களில் 10 பிட் 4:2:2 என்ற வகையில் எச்.265 கோப்பைப் பதிவு செய்யலாம். 8 பிட்டில் ஒரு வண்ணத்துக்கு 256 படிகள். 10 பிட்டில் 1,024 படிகள். மாநிறத் தோலும் விளக்கொளியும் பட்டுச் சரிகையும் ஒரே சட்டகத்தில் வரும் நம் திருமணங்களுக்கு இந்தக் கூடுதல் படிகள் பெரிய வரம். வண்ணத்தைத் திருத்தும்போது முகத்தில் திட்டுத் திட்டாகக் கோடு விழாது.

இந்த 4:2:2 எச்.265 கோப்பை இன்டெல் புராசஸர்களுக்குள் இருக்கும் கிராஃபிக்ஸ் பகுதி, மேசைக் கணினிகளில் 11ஆம் தலைமுறையிலிருந்து, அதாவது 2021இலிருந்து, தானே பிரித்துவிடுகிறது. என்விடியா கார்டுகளுக்கு அந்தத் திறமை 2025இல் ஆர்டிஎக்ஸ் 50 வரிசையோடுதான் வந்தது. ஆக, அதற்கு முந்தைய ஆயிரம் வெள்ளிக் கார்டால் செய்ய முடியாத ஒன்றை, இருநூறு வெள்ளிப் புராசஸருக்குள் சும்மா கிடக்கும் ஒரு பகுதி செய்துவிடும்.

இங்கேதான் விலைப்பட்டியலைக் கவனமாகப் படிக்க வேண்டும். இன்டெல் புராசஸரின் பெயர் 'எஃப்' என்ற எழுத்தில் முடிந்தால் அதில் அந்த உள் கிராஃபிக்ஸ் இல்லை. விலை சில பத்து வெள்ளி குறையும். கேம் ஆடுகிறவர்களுக்கு அது நியாயமான சேமிப்பு; நமக்கு அது நட்டம். இன்னொரு நுணுக்கமும் உண்டு. ஐ5-12400, ஐ5-12500 இரண்டும் ஏறக்குறைய ஒரே விலை, ஒரே ஆறு கோர். ஆனால் 12400இல் இருக்கும் யுஎச்டி 730இல் காணொளிப் பிரிப்பு இயந்திரம் ஒன்றுதான். 12500இல் இருக்கும் யுஎச்டி 770இல் இரண்டு. இரண்டு, மூன்று கேமராக்களை ஒன்றாக ஓட்டிப் பார்த்து வெட்டுகிறவர்களுக்கு இந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியும். தனி கார்டு பொருத்தியதும் சில மதர்போர்டுகள் உள் கிராஃபிக்ஸைத் தாமாக அணைத்துவிடும். மதர்போர்டின் அமைப்புத் திரையான பயாஸில் போய் அதை மீண்டும் இயக்கி வைக்கச் சொல்லிக் கடைக்காரரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் கேமரா 8 பிட் 4:2:0 மட்டுமே தருமானால் இந்தக் கவலை எதுவும் வேண்டாம். ரைசன் புராசஸரும் தாராளமாகப் போதும்.

அடுத்து கிராஃபிக்ஸ் கார்டு. நான் சொல்லும் எடிட்டிங் மென்பொருளான டாவின்சி ரிசால்வ் ஒவ்வொரு வண்ணத்தையும் 32 பிட் துல்லியத்தில் கணக்கிடுகிறது. அந்தக் கணக்கில் ஒரே ஒரு 4கே சட்டகம் சுமார் 133 மெகாபைட் இடம் பிடிக்கும். இரைச்சல் நீக்கம் செய்யும்போது முன்னும் பின்னுமாகப் பல சட்டகங்களைக் கார்டு தன் நினைவகத்தில் ஒரே நேரத்தில் வைத்திருக்க வேண்டும். தைப்பூசத்துக்கு நள்ளிரவில் சிராங்கூன் சாலை பெருமாள் கோயிலிலிருந்து காவடிகள் புறப்படுவதை எடுத்தவர்களுக்கு, இருட்டில் புள்ளி புள்ளியாக வரும் இரைச்சல் எப்படிப்பட்டது என்று தெரியும். ஆகவே நான் கார்டின் வேகத்தைவிட அதன் நினைவக அளவைத்தான் பார்ப்பேன். 8 ஜிபி குறைந்தபட்சம், 12 ஜிபி இருந்தால் நிம்மதி. ஆர்டிஎக்ஸ் 3060 பழைய கார்டுதான், ஆனால் அதன் 12 ஜிபி வகை இன்னும் எடிட்டருக்கு உகந்தது. அதே பெயரில் 8 ஜிபி வகை ஒன்றும் உண்டு, பெட்டியைப் பார்த்து வாங்குங்கள். இன்டெல்லின் ஆர்க் பி580 2024 டிசம்பரில் வந்தது. அதிலும் 12 ஜிபி, அது 4:2:2 எச்.265ஐயும் தானே பிரிக்கும்.

மென்பொருளுக்கும் பட்ஜெட்டில் இடம் ஒதுக்க வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ரிசால்வின் இலவசப் பதிப்பே பெரிய கொடை. ஆனால் இரைச்சல் நீக்கம் கட்டணப் பதிப்பில்தான் இருக்கிறது. விண்டோஸில் எச்.264, எச்.265 கோப்புகளுக்கான வன்பொருள் வேகத்தை முழுமையாகத் தருவதும் அதுதான். அமெரிக்க விலையில் 295 டாலர். ஒருமுறை கட்டினால் போதும், மாதச் சந்தா கிடையாது. அதை வாங்க முடியாதவர்களுக்கு பிராக்சி என்ற வழி இருக்கிறது. மூலக் கோப்புக்குச் சிறிய, எளிதில் ஓடும் நகலை மென்பொருளே உருவாக்கித் தரும். அதை வைத்து வெட்டி ஒட்டிவிட்டு, கடைசியில் மூலக் கோப்புக்கு மாறி ஏற்றுமதி செய்யலாம். இரவு படுக்கப் போகும்போது பிராக்சி தயாரிக்க விட்டால் காலையில் பழைய மடிக்கணினியிலும் வேலை ஓடும். கையில் ஐந்நூறு வெள்ளிகூட இல்லாத மாணவர்களிடம் நான் முதலில் சொல்வது, புதுக் கணினி வாங்காதீர்கள், பிராக்சி செய்யப் பழகுங்கள் என்றுதான்.

ரேம் 32 ஜிபி. 16 ஜிபி கம்பிகள் இரண்டாக வாங்குங்கள். ஒற்றைக் கம்பியாக வாங்கினால் புராசஸருக்குப் போகும் பாதை பாதியாகக் குறுகும். செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் உலகத்தின் நினைவகச் சில்லுகளை எல்லாம் அள்ளிக்கொண்டு போவதால் 2025இன் பிற்பகுதியிலிருந்து ரேம் விலை ஏறிவிட்டது. நம் ஊட்லண்ட்ஸில் பெரிய தொழிற்சாலை வைத்திருக்கும் மைக்ரான், சாதாரண மக்களுக்கு விற்றுவந்த குரூஷியல் வணிகத்திலிருந்தே விலகுவதாக அந்த டிசம்பரில் அறிவித்தது. இந்த நிலையில் டிடிஆர்5 வேண்டும் என்று அடம்பிடிக்க வேண்டாம். இன்டெல் 12ஆம் தலைமுறைக்கு டிடிஆர்4 மதர்போர்டுகள் உண்டு. எடிட்டிங்கில் ரேமின் அளவு போதாமல் போவதுதான் வலிக்கும். அதன் வேகத்தில் உள்ள சிறு வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது. நாலு துளை உள்ள மதர்போர்டாக எடுத்தால் விலை இறங்கும்போது இன்னும் இரண்டு கம்பி செருகிக்கொள்ளலாம்.

சேமிப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வினாடிக்கு 100 மெகாபிட் என்று பதிவாகும் 4கே கோப்பு, ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. ஒரு திருமணத்தில் இரண்டு கேமராக்கள் ஆறு மணி நேரம் ஓடினால் 540 ஜிபி. இதை வைத்துத்தான் டிஸ்க் அளவை முடிவு செய்ய வேண்டும். விண்டோஸும் மென்பொருளும் தற்காலிகக் கோப்புகளும் இருக்க 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி ஒன்று. நடந்துகொண்டிருக்கும் வேலைக்கு 2 டிபியில் இன்னொன்று. இரண்டாவது மிக வேகமானதாக இருக்க வேண்டியதே இல்லை. 100 மெகாபிட் என்பது வினாடிக்கு 12.5 மெகாபைட்தான். வேகத்துக்குக் கொடுக்கும் பணத்தை அளவுக்குக் கொடுங்கள்.

முடிந்த வேலைகளுக்கு ஹார்ட் டிஸ்க். 1982இல் சீகேட் இங்கே தொழிற்சாலை தொடங்கிய பிறகு, ஹார்ட் டிஸ்க் தயாரிப்பில் உலகின் முன்னணி ஊர்களில் ஒன்றாகச் சிங்கப்பூர் இருந்த காலம் உண்டு. எங்கே செய்ததாக இருந்தாலும் சுழலும் டிஸ்க் ஒருநாள் நிற்கத்தான் செய்யும். ஒரே கொள்ளளவில் இரண்டு வாங்கி, ஒன்றை வீட்டிலும் மற்றதை உறவினர் வீட்டிலும் வையுங்கள். இரண்டாயிரம் வெள்ளியில் இது முடியாது என்று தோன்றினால் கிராஃபிக்ஸ் கார்டில் ஒரு படி இறங்குங்கள். மெதுவான கார்டில் ஏற்றுமதிக்கு இருபது நிமிடம் கூடுதலாகும், அவ்வளவுதான். பாட்டி பேத்தியை ஆசீர்வதித்த ஒரே பதிவு போய்விட்டால் அந்தக் குடும்பத்துக்கு நாம் என்ன பதில் சொல்வது? பாட்டி அதற்குள் இல்லாமலும் போயிருக்கலாம்.

பவர் சப்ளையில் மிச்சம் பிடிக்காதீர்கள். 12500 உச்சத்தில் 117 வாட், பி580 190 வாட், மற்றவை எல்லாம் சேர்த்தாலும் 400 வாட்டுக்குள் நிற்கும். தரமான 650 வாட் கோல்டு வகை பல ஆண்டு உழைக்கும். நம் ஊரின் வெப்பத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். நண்பகலில் 31, 32 டிகிரி இருக்கும் வீவக அறையில், ஏர்கான் இல்லாமல் ஏற்றுமதி ஓட விட்டால் பெட்டிக்குள் காற்று போய் வர வழி வேண்டும். முன்பக்கம் கண்ணாடி வைத்த பெட்டியை விட்டுவிட்டு, வலை வைத்ததை எடுங்கள். திரவக் குளிரூட்டி வேண்டாம். ஐம்பது வெள்ளி காற்றுக் குளிரூட்டி சத்தமில்லாமல் வேலை செய்யும், அதே அறையில் குரல் பதிவும் செய்யலாம். தூசி வடிகட்டியைக் கழற்றிக் கழுவும்படி இருக்கட்டும். சீனர்களின் ஏழாம் மாதத்தில் கீழே தாள் எரிக்கும்போது தாழ்ந்த மாடி வீடுகளுக்குச் சாம்பல் வருவது தோ பாயோவில் எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

பையனின் இரண்டாயிரத்தை நாங்கள் பிரித்தது இப்படி: ரேமுக்கும் டிஸ்குகளுக்கும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, புராசஸருக்கும் மதர்போர்டுக்கும் கால் பங்கு, கார்டுக்குக் கால் பங்குக்குள், மீதி பெட்டிக்கும் பவர் சப்ளைக்கும். திரை அவனிடம் ஏற்கெனவே இருந்தது. புதிதாக வாங்குகிறவர்கள் 27 அங்குல ஐபிஎஸ் திரையில் எஸ்ஆர்ஜிபி வண்ணம் நூறு விழுக்காடு என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். வினாடிக்கு எத்தனை முறை புதுப்பிக்கிறது என்ற பெருமைக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

தோ பாயோவில் ரயில் ஏறி நியூட்டனில் மாறினால், லிட்டில் இந்தியாவுக்கு அடுத்தது ரோச்சோர். அங்கிருந்து சிம் லிம் ஸ்குவேர் எட்டிப் பிடிக்கும் தூரம். 2014இல் அங்கே ஒரு கைப்பேசிக் கடை வாடிக்கையாளர்களை ஏமாற்றியது உலகச் செய்தியானது. அதன் உரிமையாளர் மறு ஆண்டு சிறைக்குப் போனார். அந்தக் கடையை வைத்து மேல்மாடிகளின் பாகக் கடைகளை எடைபோடுவது நியாயமில்லை. அங்கே விலை பட்டியலில் எழுதியிருக்கும். இரண்டு மூன்று கடைகளின் பட்டியலை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுப் பேசலாம். சொன்ன விலையில் 9 விழுக்காடு பொருள் சேவை வரி அடங்குமா, பொருத்தித் தரக் கூலி எவ்வளவு, பழுதானால் கடைக்கே கொண்டு வரலாமா அல்லது விநியோகஸ்தரிடம் போக வேண்டுமா, இந்த மூன்றையும் பணம் கட்டுவதற்கு முன் கேட்டு ரசீதில் எழுதி வாங்குங்கள். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் மலிவு என்ற கணக்கும் இப்போது அவ்வளவாக உதவாது. 2023இலிருந்து 400 வெள்ளிக்கு உட்பட்ட இறக்குமதிப் பொருளுக்கும் வரி உண்டு. கரோசலில் பழைய கார்டு வாங்குகிறவர்கள், விற்பவர் வீட்டிலேயே அது ஓடுவதைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

போகும்போது உங்கள் கேமராவின் மிகக் கனமான கோப்பு ஒன்றை ஒரு சிறிய எஸ்எஸ்டியில் கொண்டு போங்கள். கணினி தயாரானதும் கடையின் மேசையிலேயே ரிசால்வின் கட்டணப் பதிப்பை நிறுவச் சொல்லி, அந்தக் கோப்பை டைம்லைனில் போட்டு, முன்னும் பின்னும் இழுத்துப் பாருங்கள். டாஸ்க் மேனேஜரைத் திறந்து, கிராஃபிக்ஸ் பகுதியில் 'வீடியோ டீகோட்' கோடு மேலே ஏறுகிறதா என்றும் பாருங்கள். அது தரையோடு கிடந்து, புராசஸர் மட்டும் நூறைத் தொட்டால், பெட்டியை அங்கேயே வைத்துவிட்டு பயாஸைத் திறக்கச் சொல்லுங்கள்.