மிரண்ட நாய்க்கு ஒரு பொறுமையான வீடு

மட்டக்களப்பு வாவியின் இரு புறங்களையும் மக்கள் எழுவான்கரை, படுவான்கரை என வழங்குவர். கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்டது எழுவான்கரை. மேற்கே வயல் சூழ்ந்தது படுவான்கரை. இவ்விரு கரைகளிலும் நாய் இல்லாத ஊர் இல்லை. வயலிலே பன்றியை விரட்டுவதும், வாடியிலே வலைக்குக் காவல் கிடப்பதும் அதன் தொழில். ஆயினும் உடையவரின்றித் திரியும் கட்டாக்காலி நாய்களும் பல. வீதியோரத்தில் அடிபட்டுக் கிடக்கும் ஒன்றை இரக்கமுள்ள ஒருவர் தூக்கிவந்து மருந்திடுகிறார். காயம் ஆறிவிடுகிறது. அச்சமோ ஆறுவதில்லை. ஆளரவம் கேட்டதும் மூலையில் ஒடுங்கும் அந்த நாயை யாரிடம் ஒப்படைப்பது?

இலங்கையிலே விசர்நாய்க்கடி நோயைத் தடுப்பதற்கென ஒரு கட்டளைச் சட்டம் 1893 முதல் உண்டு. கட்டாக்காலி நாய்களைப் பிடித்துக் கொல்வதே நெடுங்காலம் வழக்கமாயிருந்தது. 1973ஆம் ஆண்டில் மாத்திரம் இந்நோயால் 377 பேர் இறந்தனர். பின்னர் தடுப்பூசி பரவலாயிற்று. அண்மை ஆண்டுகளில் இறப்போர் தொகை ஐம்பதுக்கும் கீழே இறங்கியுள்ளது. 2006ஆம் ஆண்டு முதல், நாய்களைக் கூட்டமாகக் கொல்வதை அரசு கைவிட்டது. இந்நல்ல முடிவினால் ஒரு பொறுப்பும் வந்து சேர்ந்தது. கொல்லப்படாத நாய்க்கு வாழ ஓர் இடம் வேண்டுமல்லவா?

நாயின் கூச்சத்துக்குக் காரணம் இரண்டு. முதலாவது, குட்டிப் பருவத்தில் மனிதரோடு பழகாமை. அமெரிக்க ஆய்வாளர் சிலர் நாய்க்குட்டிகளை ஆள்நடமாட்டமற்ற வெளியில் வளர்த்து, 1961இல் தாம் கண்டதை வெளியிட்டனர். சில வார வயதில் சிறிது காலம் மனிதரோடு பழகிய குட்டிகள் எளிதில் இணங்கின. பதினான்கு வாரம் வரை மனிதத் தொடர்பே இல்லாதவை காட்டு விலங்கு போலாயின. பற்றைக்குள் ஈன்ற தாயோடு வளர்ந்து, நான்கு மாதத்தின் பின் பிடிபட்ட நாய் கையைக் கண்டு நடுங்குவதில் வியப்பில்லை. அதனை நன்றிகெட்டதென ஏசுவது அறியாமை.

இரண்டாவது காரணம் பெருந்துன்பம். 1924ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் நேவா நதி பெருகி லெனின்கிராட் நகருள் புகுந்தது. அறிஞர் பாவ்லோவின் ஆய்வு நாய்கள் கூடுகளில் அடைபட்டு, தலையை மாத்திரம் நீருக்கு மேல் நிறுத்தித் தவித்தன. கூட்டின் கதவு நீருக்கடியில் இருந்தமையால், அவற்றை மீட்க வந்தோர் தலையையும் நீருள் அமிழ்த்தியே வெளியே இழுக்க நேர்ந்தது. உயிர் பிழைத்தும், சில நாய்கள் தாம் கற்றதெல்லாம் மறந்தன. பொறுமையோடு மீண்டும் பயிற்றியதில் அவற்றுள் ஒன்று பழைய நிலையை அடைந்தது. பின்பு ஒருநாள், அறைக் கதவின் கீழாகச் சிறிது நீரை ஓடவிட்டனர். அவ்வளவுதான், நாய் மறுபடியும் நிலைகுலைந்தது. ஆறியதாகத் தோன்றிய அச்சம் உள்ளே கிடந்திருக்கிறது. 2004 டிசெம்பர் 26ஆம் நாள் நாவலடியில் கடல் புகுந்ததைக் கண்டோருக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. மாரியிலே வெள்ளம் காணும் இப்பகுதியில், தாழ்ந்த வளவொன்றை இத்தகைய நாய்க்குத் தெரிவு செய்வதற்கு முன் இருமுறை எண்ணுதல் நலம்.

அப்படியாயின் ஏற்ற வீடு எது? இரக்கம் மிகுந்த வீடே ஏற்றதெனப் பலர் எண்ணுவர். கண்டவுடன் கட்டியணைக்க விரும்பும் வீடு, வருவோரெல்லாம் தடவிப் பார்க்கும் வீடு, மிரண்ட நாய்க்குப் பெருந்தண்டனை. நாள் முழுதும் திண்ணையில் அமர்ந்து கிழிந்த வலையைப் பொத்தும் முதியவர் ஒருவரை எண்ணுக. அவர் கண் வலையில், கையசைவு மெதுவானது, நாயை அவர் அழைப்பதுமில்லை, துரத்துவதுமில்லை. நாய் தூரத்திலிருந்து அவரை வேண்டியமட்டும் பார்த்துக்கொள்ளலாம். சில வாரங்களில் அவர் காலடியில் வந்து படுத்தாலும் படுக்கும். அவ்வீட்டில் சாந்தமான மற்றொரு நாய் இருப்பின் இன்னும் நன்று. அதனைப் பார்த்து இது துணிவு பெறும்.

ஒப்படைப்பவர் சில வினாக்களைக் கேட்கத் தயங்கலாகாது. வேலி அடைப்பானதா, படலை தானே மூடுமா, சித்திரை வருடப் பிறப்பிலும் தீபாவளியிலும் வெடி கொளுத்தும் சிறுவர் அருகில் உளரா, ஆறு மாதம் நாய் கிட்ட வராவிடினும் மனம் சலியாதா? கடைசி வினாவுக்கு விரைந்து விடை கூறுவோரைச் சற்றே ஐயுறலாம். நாய் வாழும் இடத்துக்கு அவர்களைப் பலமுறை வரச்செய்வது உத்தமம். இரண்டு மூன்று வீடுகள் மாறித் திரும்பிய நாயை நான்காவது வீட்டில் பழக்குவது மிக அரிது. ஆகையால் பிந்தினும் பொருத்தமானவரிடமே கொடுக்க வேண்டும்.

விசர்நோய்த் தடுப்பூசி ஏற்றாமல் எந்த நாயையும் கையளித்தலாகாது. ஆண்டுதோறும் அதனை மீண்டும் ஏற்றுவித்தல் வேண்டும். அஞ்சும் நாயே பெரும்பாலும் கடிக்கிறது. வாலை ஒடுக்குதல், உதட்டை நக்குதல், கண்ணின் வெண்மை தெரிய ஓரமாய் நோக்குதல் ஆகியன அதன் முன்னறிவித்தல்கள். உறுமலும் அத்தகையதே. உறுமியதற்கு அடித்தால், அடுத்த முறை உறுமாமலே கடிக்கப் பழகும். கடிபட்டவர் காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி, உடனே அரச வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.

புதுவீட்டில் முதல் நாள் குளிப்பாட்டுதல் வேண்டாம். பழைய இடத்தில் அது படுத்த சாக்கை அமைதியான மூலையொன்றில் விரித்து, சோறும் மீனும் நீரும் வைத்து விலகிவிடலாம். முதல் மாதத்தில் அது வேலி நுழைந்து ஓடுவதும் உண்டு. அப்போது ஊரைக் கூட்டிக் கூவித் துரத்தினால் இன்னும் தொலைவுக்கே செல்லும். வீட்டார் அடங்கி, படலையைத் திறந்துவிட்டு, உண்கலத்தை வழக்கமான இடத்தில் வைத்திருத்தல் வேண்டும். தெரு ஓய்ந்த பின், பசி எடுத்த வேளையில் பெரும்பாலும் அது தானே திரும்பி வரும்.