பேரிடர்ச் சொற்கள்: பட்டியலுக்கு அப்பால்

இயற்கைப் பேரிடர் தொடர்பான ஆங்கிலச் சொற்களைப் பட்டியலிட்டு மனனம் செய்யாத மாணவர் நம்மிடையே மிகக் குறைவு. இடைநிலைப்பள்ளிக் கட்டுரை முதல் முவெட் தேர்வு வரை வெள்ளமும் நிலநடுக்கமும் நம்மை விடுவதில்லை. இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் தமிழ்ப் பொருள். நானும் அப்படித்தான் படித்தேன். தேர்வுக்கு அது போதும்.

ஆனால், பேரிடர்ச் சொற்களின் தேவை தேர்வோடு முடிவதில்லை. நம்மவர் வீடுகள் பலவற்றில், மலாயிலோ ஆங்கிலத்திலோ வரும் அறிவிப்பைப் படித்துத் தாத்தா பாட்டிக்குத் தமிழில் சொல்ல வேண்டியவர் பல்கலைக்கழகத்தில் படிக்கும் பிள்ளைதான். அந்தப் பிள்ளை சொல்லும் ஒரு சொல்லை நம்பியே வீட்டார் புறப்படுவதா, காத்திருப்பதா என்று முடிவு செய்கின்றனர். ஆகவே, இச்சொற்களைப் பொருளோடு மட்டுமன்றி, ஒன்றுக்கொன்று உள்ள வேறுபாட்டோடும் கற்க வேண்டும் என்பதே என் கருத்து. சில எடுத்துக்காட்டுகளைப் பார்ப்போம்.

எல்லாமே எச்சரிக்கையா?

‘அலர்ட்’, ‘வார்னிங்’ ஆகிய இரண்டுக்கும் நாம் ‘எச்சரிக்கை’ என்றே பொருள் எழுதிக்கொள்கிறோம். ஆனால், மலேசிய வடிகால் நீர்ப்பாசனத் துறை ஆற்று நீர்மட்டத்தை நான்கு நிலைகளாகப் பிரிக்கிறது. ஆங்கிலத்தில் அவை நார்மல், அலர்ட், வார்னிங், டேஞ்சர். மலாயில் நோர்மல், வஸ்பாடா, அமாரான், பஹாயா. ‘அலர்ட்’ என்றால் நீர்மட்டம் இயல்பைவிடக் கணிசமாக உயர்ந்துள்ளது என்று பொருள். ‘வார்னிங்’ என்றால் வெள்ளம் ஏற்படும் அளவை நெருங்கிவிட்டது. ‘டேஞ்சர்’ என்றால் மக்களை வெளியேற்றும் பணி தொடங்கக்கூடும்.

முதல் இரண்டு அறிவிப்புகளையும் ‘எச்சரிக்கை’ என்றே பாட்டியிடம் சொன்னால், ஆறு ஒரு படி ஏறியது அவருக்குத் தெரியவே தெரியாது. எனவே இயல்பு, விழிப்பு, எச்சரிக்கை, அபாயம் என நான்கு தமிழ்ச் சொற்களை நான் பயன்படுத்துகிறேன். வானிலை ஆய்வுத் துறையின் தொடர்மழை அறிவிப்பிலோ அலர்ட், சிவியர், டேஞ்சர் என மூன்று படிகள். அங்கே ‘வார்னிங்’ என்பது தலைப்பில் மட்டும் வரும். அது தனிப் படியன்று. ஒரே சொல் இரண்டு துறைகளில் இரண்டு இடங்களில் நிற்பதையும் கவனிக்க வேண்டும்.

உறுமி ஒன்று, ஓசை பல

நிலநடுக்கச் செய்திகளில் ‘மேக்னிட்யூட்’, ‘இன்டென்சிட்டி’ என்ற இரு சொற்கள் வரும். இரண்டையும் ‘வலிமை’ என்று எழுதிவிடுவது எளிது. தைப்பூசத்தில் உறுமி மேளம் அடிப்பதை நினைத்துப் பாருங்கள். அடிப்பவரின் கைவேகம் ஒன்றுதான். அருகில் நிற்பவருக்கு நெஞ்சு அதிரும். இரண்டு தெரு தள்ளி இருப்பவருக்கு மெல்லக் கேட்கும். கைவேகம் மேக்னிட்யூட், அவரவர் உணரும் அதிர்வு இன்டென்சிட்டி. முன்னதைப் பருமன் என்றும் பின்னதைச் செறிவு என்றும் கொள்ளலாம்.

26.12.2004 அன்று சுமத்ராவின் மேற்குக் கடலில் ஏற்பட்ட நிலநடுக்கத்தின் பருமன் 9.1. அந்த எண் எல்லா ஊருக்கும் ஒன்றே. செறிவோ அச்சேயில் கடுமை, பினாங்கில் இலேசு. 5.6.2015 அன்று சபாவின் ரானாவ் பகுதியை உலுக்கிக் கினபாலு மலையில் 18 பேரைப் பலிகொண்ட நிலநடுக்கத்தின் பருமன் 6.0. பருமன் ஓர் எண் கூடினால் வெளிப்படும் ஆற்றல் சுமார் 32 மடங்கு கூடும். இரண்டு எண் கூடினால் சுமார் 1000 மடங்கு. 9-க்கும் 6-க்கும் இடையே மூன்றுதானே வேறுபாடு என்று எண்ணிவிடக் கூடாது. 1935-இல் உருவான ரிக்டர் அளவுகோலின் பெயரை நம் நாளேடுகள் இன்னும் எழுதினாலும், பெரிய நிலநடுக்கங்களை அளக்க அறிவியலாளர்கள் இன்று வேறோர் அளவுகோலையே பயன்படுத்துகின்றனர்.

ஒரே புயலுக்கு மூன்று பெயர்

‘சைக்ளோன்’, ‘டைஃபூன்’, ‘ஹரிக்கேன்’ மூன்றும் வெவ்வேறு பேரிடர்கள் அல்ல. வெப்பமண்டலக் கடலில் சுழன்றெழும் ஒரே வகைப் புயலுக்கு இடத்தைப் பொறுத்து வழங்கும் பெயர்கள். அட்லாண்டிக்கிலும் வடகிழக்குப் பசிபிக்கிலும் ஹரிக்கேன். வடமேற்குப் பசிபிக்கில் டைஃபூன். இந்தியப் பெருங்கடலில் சைக்ளோன். காற்றின் வேகம் மணிக்கு 119 கிலோமீட்டரை எட்டும்போதுதான் ஹரிக்கேன், டைஃபூன் என்ற பெயர்கள் பொருந்தும். நிலநடுக்கோட்டுக்கு அருகில் இவை உருவாவது அரிது. ஆயினும் 27.12.2001 அன்று வாமெய் என்ற புயல் தென்கிழக்கு ஜொகூரில் கரையைக் கடந்தது.

‘சைக்ளோன்’ என்ற சொல் நமக்கு அருகில் பிறந்தது. 1840-களில் கல்கத்தாவில் பணியாற்றிய ஹென்றி பிடிங்டன், வங்கக் கடற்புயல்களை ஆராய்ந்து, வட்டத்தையும் பாம்பின் சுருளையும் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து இதை உருவாக்கினார். சுருண்ட பாம்பை மனத்தில் வைத்துக்கொண்டால் இச்சொல் மறக்காது.

மூன்று மொழி நம் பலம்

நமக்குத் தமிழ், மலாய், ஆங்கிலம் ஆகிய மூன்றும் தெரியும். சொல் கற்பதில் இது பெரும் வாய்ப்பு. ‘மான்சூன்’ என்பதன் வேர், பருவம் எனப் பொருள்படும் ‘மவ்சிம்’ என்னும் அரபுச் சொல். மலாயில் அதுவே ‘மூசிம்’. நாமும் பருவமழை என்றுதானே சொல்கிறோம்? மொழிகள் மூன்று, கருத்து ஒன்றே.

‘டிசாஸ்டர்’ என்பதில் தீய விண்மீன் என்ற பழைய நம்பிக்கை ஒளிந்திருக்கிறது. கிரகம் சரியில்லை என்று நம்மவர் சொல்வதற்கு இது வெகுதூரமில்லை. இதனோடு ‘ஹெசர்ட்’ என்பதையும் சேர்த்துக் கற்க வேண்டும். ஹெசர்ட் என்பது இடர்; தீங்கு விளைவிக்கக்கூடியது. அது மக்களைத் தாக்கி, அவர்களால் தாங்க இயலாத இழப்பை உண்டாக்கினால் அது டிசாஸ்டர், அதாவது பேரிடர். ஆளில்லாக் காட்டில் சரியும் மலைச்சரிவு இடர். 16.12.2022 அன்று பத்தாங் காலியில் முகாமிட்டிருந்தோர் மீது மண் சரிந்து 31 பேர் மாண்டது பேரிடர். எங்கே தங்குகிறோம், எங்கே கட்டுகிறோம் என்பதும் பேரிடரின் ஒரு பகுதி என்பதை இவ்விரு சொற்களும் உணர்த்துகின்றன.

எண்ணிக்கை கூறும் சொற்களிலும் கவனம் தேவை. ‘ஃபேட்டாலிட்டி’ உயிரிழப்பை மட்டும் குறிக்கும். ‘கேஷுவல்ட்டி’ காயமடைந்தோரையும் சேர்த்துக் குறிக்கும். 50 கேஷுவல்ட்டி என்பதை 50 பேர் மரணம் என்று மொழிபெயர்த்தால், உயிரோடிருப்பவரையும் சாகடித்தவர்களாவோம்.

உயிர் காத்த சொல்

2004-இல் ‘சுனாமி’ என்ற சொல் நம் வீடுகளில் பலருக்குப் புதிது. துறைமுக அலை எனப் பொருள்படும் ஜப்பானியச் சொல் அது. கடல்கோள் என்ற பழந்தமிழ்ச் சொல் நூல்களில் இருந்தது. ஆழிப்பேரலை என்ற சொல் பின்னரே பரவலாயிற்று. அன்று மலேசியாவில் மட்டும் 68 பேர் மாண்டனர். பெரும்பாலோர் பினாங்கைச் சேர்ந்தவர்கள்.

நிலநடுக்க மையத்திற்கு மிக அருகில் இருந்த சிமெலு தீவில், சுமார் 78,000 மக்களில் 7 பேர் மட்டுமே உயிரிழந்தனர். காரணம், ‘ஸ்மோங்’ என்ற அவர்களது சொல். 1907-ஆம் ஆண்டுப் பேரலைக்குப் பிறகு பாட்டிலும் கதையிலும் அச்சொல் தலைமுறைகளைக் கடந்து வந்தது. தரை கடுமையாக ஆடி, கடல் உள்வாங்கினால் மேட்டுக்கு ஓடு என்ற கட்டளையே அச்சொல்லின் பொருள். அதே நாளில் புக்கெட்டின் மைக்காவ் கடற்கரையில் டில்லி ஸ்மித் என்ற 10 வயது ஆங்கிலச் சிறுமி, இரண்டு வாரங்களுக்கு முன் புவியியல் வகுப்பில் படித்த அறிகுறிகளைக் கடலில் கண்டு பெற்றோரிடம் சொன்னாள். கடற்கரையில் இருந்தவர்கள் வெளியேறித் தப்பினர். அவள் சொல்லோடு அறிகுறியையும் சேர்த்துக் கற்றிருந்தாள்.

எனவே நண்பர்களே, குறிப்பேட்டில் இரண்டு பத்திகளுக்குப் பதில் நான்கு பத்திகள் இடுங்கள்: ஆங்கிலம், மலாய், தமிழ், நான்காவதாக ‘அப்போது என்ன செய்ய வேண்டும்’. வாரம் ஐந்து சொற்கள் போதும். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் நவம்பருக்கு முன் அந்தப் பக்கத்தை வீட்டிலுள்ள பெரியோருக்கு ஒருமுறை படித்துக் காட்டுங்கள். நான்காம் பத்தியை அவர்களுடன் சேர்ந்தே நிரப்பலாம். வெள்ளம் எந்தப் பக்கமிருந்து வரும், மேடான வழி எது என்பதை நம்மைவிட அவர்கள் நன்கு அறிவார்கள்.