துபாய் பயணம்: டிக்கெட்டுக்கு முன் பாஸ்போர்ட்டைப் பாருங்கள்

விடுமுறைக்குத் துபாய் செல்ல நினைத்தால், நாம் முதலில் தேடுவது மலிவான டிக்கெட்டைத்தான். அதற்கு முன் பாஸ்போர்ட்டைத் திறந்து பார்க்க வேண்டும்.

நம்மில் பலருக்குத் தந்தை பெயர் இனிஷியலோடு நின்றுவிடுகிறது. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருக்கும். ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களை விசிட் விசாவில் அனுமதிப்பதில்லை என்று அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்தது. இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயர் இருந்தால் ஏற்கலாம் என்று பிறகு சிறிது தளர்த்தியது. எனவே பெயரையும், ஆறு மாதச் செல்லுபடியையும் உறுதி செய்துகொள்ளுங்கள். மலிவு டிக்கெட்டை ரத்து செய்தால் பெரும்பாலும் பணம் திரும்பாது.

வாசுதேவநல்லூரில் இருந்து நமக்கு இரு வழிகள்: ராஜபாளையம் வழியாக மதுரை, செங்கோட்டை வழியாகத் திருவனந்தபுரம். வளைகுடா விமானங்கள் திருவனந்தபுரத்தில் அதிகம். ஒரே தேதிக்கு இரண்டையும் ஒப்பிடுங்கள்; கார் வாடகை, லக்கேஜ் கட்டணம் இரண்டையும் சேர்த்துக் கூட்டுங்கள். கோடை விடுமுறையும் பெருநாளும் கட்டணம் ஏறும் காலம். பெருநாள் ஆண்டுதோறும் 10, 11 நாட்கள் முன்னே வருவதால் காலண்டர் பார்த்துத் தேதி குறியுங்கள்.

டிக்கெட்டுக்காக வட்டிக்குக் கடன் வாங்க வேண்டாம். சேர்ந்த பிறகு போகலாம். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்னது நம் நபி (ஸல்) அவர்களின் வழி. அல்லாஹ் நம் பயணங்களை இலேசாக்குவானாக! ஆமீன்.