கூத்து நடுவே எழுந்து போகலாமா?

வட தமிழ்நாட்டு ஊர்களில் திரௌபதி அம்மன் திருவிழாவில் தெருக்கூத்து ஆடுவார்கள். இரவில் தொடங்கும் கூத்து விடியும்வரை நடக்கும்.

மறுநாள் நமக்கு வேலை இருக்கும். பிள்ளைகள் தூங்கி விழும். பாதியில் போவது தப்பா? தப்பு இல்லை. போகும் விதம்தான் முக்கியம்.

சீக்கிரம் போக வேண்டுமா? முதலிலேயே ஓரமாக உட்காருங்கள். பாட்டு நடக்கும்போது எழாதீர்கள். ஒரு வேடம் உள்ளே போனதும் எழுங்கள். அடுத்த வேடத்துக்குத் திரை பிடிக்கும் முன்பே வெளியே வந்துவிடுங்கள். ஆடும் இடத்தின் குறுக்கே நடக்காதீர்கள். டார்ச் விளக்கைத் தரையில் மட்டும் அடியுங்கள்.

கலைஞர்கள் அரிதாரம் பூசி, கிரீடம் கட்டி, இரவெல்லாம் கண் விழித்து ஆடுகிறார்கள். விடியற்காலையில் பத்துப் பேர் மட்டும் இருந்தாலும் பாடித்தான் ஆக வேண்டும். அதுதான் அவர்கள் பிழைப்பு. சத்தம் போடாமல் எழுந்து போவோம். அதுவும் நாம் அவர்களுக்குச் செய்யும் மரியாதைதான்.