பாதி சீசன் பட்டியலை நம்பலாமா?

அமெரிக்கக் கால்பந்து என்று பேர்தான், பந்தைக் காலால் உதைப்பது ரொம்பக் குறைவு. இரண்டு முனையும் கூராக இருக்கிற பந்து. அதைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவார்கள், இல்லாவிட்டால் வீசுவார்கள். ஒரு பக்கத்துக்கு 11 பேர். நாலு முயற்சிக்குள் 10 கஜம் முன்னேறணும், முடியலைன்னா பந்து எதிராளிக்குப் போய்விடும். எல்லைக்கோட்டுக்கு அந்தப் பக்கம் பந்தைக் கொண்டுபோனால் 6 பாயிண்ட், கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் 3 பாயிண்ட். இந்தக் கட்டுரைக்கு இவ்வளவு விதி போதும்.

இதில் தொழில்முறையாக ஆடும் அணிகள் மொத்தம் 32. இரண்டு பெரும்பிரிவு, ஒவ்வொன்றிலும் நாலு குட்டிப் பிரிவு, ஒரு குட்டிப் பிரிவில் நாலு அணி. செப்டம்பரில் தொடங்கும். ஒரு வாரத்துக்கு ஒரே ஓர் ஆட்டம். ஏன் இவ்வளவு கம்மி என்று கேட்கலாம். ஆளை ஆள் மோதித் தள்ளுகிற விளையாட்டு நண்பர்களே, அடி ஆறவே ஒரு வாரம் வேணும்! 2007-இல் ஓர் அணிக்கு 16 ஆட்டம் இருந்தது. 2021 முதல் 17 ஆகிவிட்டது. (அப்போ பாதி சீசன் என்றால் எட்டரை ஆட்டமா என்று கணக்கு சார் கேட்பார். அதனால்தான் 16 ஆட்டம் இருந்த காலத்திலிருந்தே ஓர் உதாரணம் எடுத்திருக்கிறேன்.)

ஆட்டம் குறைவு என்பதால் ஒவ்வொரு தோல்வியும் பெரிசு. 2007-இல் 12 அணிகள்தான் அடுத்த சுற்றுக்குப் போக முடியும், மீதி 20 அணிகளும் ஜனவரியில் வீட்டில்தான். ஆகவே நவம்பர் தொடக்கத்தில் எல்லா ரசிகர்களும் பட்டியலைப் பிரித்து வைத்துக்கொண்டு ஜோசியம் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள்.

2007-இல் அந்தப் பட்டியல் எப்படி இருந்தது? உச்சியில் நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ். 8 ஆட்டம், 8 வெற்றி. அடித்தது 331 பாயிண்ட், விட்டது 127 மட்டும். பக்கத்திலேயே இண்டியனாபொலிஸ் கோல்ட்ஸ், 7-க்கு 7. இரண்டு பேரும் நவம்பர் 4-ஆம் தேதி மோதினார்கள். கடைசிக் கால் பகுதி வரை பின்தங்கியிருந்த பேட்ரியாட்ஸ் 24-20 என்று ஜெயித்தது. பட்டியலின் அடியில் மயாமி டால்பின்ஸ், 8-க்கு 8 தோல்வி. பாவம், 1972-இல் ஓர் ஆட்டம்கூடத் தோற்காமல் கோப்பையையும் வென்ற ஒரே அணி இதே டால்பின்ஸ்தான்!

நான் சொல்ல வந்தது உச்சியையும் அடியையும் பற்றி இல்லை. நடுவில் இரண்டு அணிகள் அச்சு அசலாக ஒரே மாதிரி இருந்தன. நியூயார்க் ஜயண்ட்ஸ்: 6 வெற்றி, 2 தோல்வி. டெட்ராய்ட் லயன்ஸ்: 6 வெற்றி, 2 தோல்வி. வேடிக்கை என்னன்னா, இரண்டு அணியும் எட்டு ஆட்டத்தில் அடித்த பாயிண்ட்கூடச் சரியாக 200!

டெட்ராய்ட்டில் ஒரே கொண்டாட்டம். பல வருஷமாகத் தோற்றே பழகிய ஊர் அது. கடைசியாக ஆடிய ஆட்டத்தில் டென்வரை 44-7 என்று நொறுக்கியிருந்தார்கள். இந்த வருஷம் நம்ம வருஷம் என்று நினைத்ததில் தப்பே இல்லை.

ஆனால் விட்ட பாயிண்ட்டைப் பாருங்கள். ஜயண்ட்ஸ் விட்டது 159. லயன்ஸ் விட்டது 185. அதாவது ஜயண்ட்ஸுக்கு 41 பாயிண்ட் மிச்சம், லயன்ஸுக்கு 15 தான் மிச்சம். அந்த டென்வர் ஆட்டத்தை மட்டும் எடுத்துவிட்டுக் கூட்டினால் லயன்ஸ் 22 பாயிண்ட் கடனில் இருக்கிறது. ஜெயித்தபோது கொஞ்சமாக ஜெயித்து, தோற்றபோது 56-21, 34-3 என்று வாரிக் கொடுத்திருக்கிறார்கள். வெற்றி, தோல்வி மட்டும் எழுதிய பட்டியலில் இது தெரியவே தெரியாது.

நவம்பர் 18-இல் இந்த இரண்டு அணிகளும் டெட்ராய்ட்டிலேயே மோதின. ஜயண்ட்ஸ் 16-10. லயன்ஸ் பாதிக்குப் பிறகு தொடர்ந்து ஆறு ஆட்டம் தோற்றது. கடைசியில் 7 வெற்றி, 9 தோல்வி, அடுத்த சுற்று இல்லை.

அப்போ ஜயண்ட்ஸ் கிடுகிடுவென்று மேலே போச்சா என்றால், அதுவும் இல்லை. பின்பாதியில் 4 வெற்றி, 4 தோல்வி. மின்னசோட்டாவிடம் 41-17 என்று செம அடி. பாயிண்ட் கணக்கை நம்பினாலும் முழுசாக நம்ப முடியாது என்பதற்கு இதுவே சாட்சி. 10 வெற்றியோடு, பிரிவில் முதலிடம் இல்லாமல், கூடுதல் இடத்தில் தொற்றிக்கொண்டு உள்ளே நுழைந்தார்கள். பிறகு டாம்பா, டல்லாஸ், கிரீன் பே என்று மூன்று ஆட்டம், மூன்றும் எதிராளியின் ஊரில், மூன்றிலும் வெற்றி. கிரீன் பேயில் ஆடியபோது குளிர் பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரி செல்சியஸ் இருந்தது.

சூப்பர் பவுல் என்கிற இறுதி ஆட்டம் 2008 பிப்ரவரி 3. எதிரே அதே பேட்ரியாட்ஸ், அதுவரை 18 ஆட்டம், 18 வெற்றி. கடைசி நிமிடங்களில் ஜயண்ட்ஸ் 14-10 என்று பின்னால் இருந்தது. பந்து வீசும் ஈலை மேனிங்கின் சட்டையைப் பிடித்து இழுக்கிறார்கள், எப்படியோ நழுவிக்கொண்டு வீசுகிறார். டேவிட் டைரி எகிறி, பந்தைத் தன் தலைக்கவசத்தோடு ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டே விழுகிறார். பந்து தரையைத் தொடவில்லை! 35 வினாடி மிச்சம் இருக்கும்போது பிளாக்ஸிகோ பர்ரஸ் எல்லைக்கோட்டுக்கு அப்பால் பந்தைப் பிடித்தார். 17-14. பேட்ரியாட்ஸின் ஒரே தோல்வி, அதுவும் கடைசி ஆட்டத்தில்.

டால்பின்ஸ் என்ன ஆச்சுன்னு கேட்பீங்க. 13 ஆட்டம் வரிசையாகத் தோற்று, டிசம்பர் 16-இல் பால்டிமோரைக் கூடுதல் நேரத்தில் 22-16 என்று வென்றது. வருஷம் முழுக்க அந்த ஒரு வெற்றிதான். ஆனால் இந்த லீகில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. கல்லூரியிலிருந்து வரும் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும்போது கடைசி இடத்து அணிக்குத்தான் முதல் வாய்ப்பு. சம்பளத்துக்கும் எல்லா அணிக்கும் ஒரே உச்சவரம்பு, பணக்கார அணி எல்லாரையும் வாங்கிக் குவிக்க முடியாது. 2008-இல் அந்த முதல் வாய்ப்பில் டால்பின்ஸ் ஜேக் லாங் என்கிற தடுப்பு வீரரை எடுத்தது. நியூயார்க் ஜெட்ஸ் வேண்டாம் என்று விட்ட சாட் பென்னிங்டனையும் பந்து வீச அழைத்துக்கொண்டது.

2008 பாதி சீசனில் டால்பின்ஸ் 4 வெற்றி, 4 தோல்வி. முடிவில் 11 வெற்றி, 5 தோல்வி, பிரிவில் முதலிடம். அதே 11 வெற்றி எடுத்த பேட்ரியாட்ஸ், சமநிலை விதிப்படி அடுத்த சுற்றுக்கே போகவில்லை. டால்பின்ஸ் கடைசி ஆட்டத்தில் பிரிவைக் கைப்பற்றியது யாரைத் தோற்கடித்து தெரியுமா? பென்னிங்டனை வெளியே அனுப்பிய ஜெட்ஸைத்தான்.

டெட்ராய்ட் லயன்ஸ்? 2008-இல் பாதியில் 8-க்கு 8 தோல்வி. முடிவில் 16-க்கு 16.