மறுமுறை பார்த்த மர்மப் படம்

இளமையிற் கண்டு வியந்த திரைப்படமொன்றைப் பல ஆண்டுகள் கழித்து மீண்டும் பார்ப்பவர் சில வேளைகளில் ஏமாற்றத்தோடு எழுந்து செல்கின்றார். கொலையும் துப்பும் பொருளாகவுள்ள படங்களில் இவ்வேமாற்றம் எளிதில் நேர்வது. அன்று மூச்சடக்கிப் பார்க்கச் செய்த படம் இன்று கொட்டாவியை வரவழைக்கின்றது. படத்தில் ஒரு காட்சிதானும் கூடவுமில்லை, குறையவுமில்லை. அப்படியாயின் மாறியது யாது? இவ்வினாவுக்கு விடை காண ஓர் எடுத்துக்காட்டைக் கைக்கொள்வது நன்று.

1945ஆம் ஆண்டு அமெரிக்காவில் 'ஸ்பெல்பவுண்ட்' என்னும் படம் வெளிவந்தது. மந்திரத்தாற் கட்டுண்டவர் என்பது அப்பெயரின் பொருள். டேவிட் செல்ஸ்னிக் தயாரித்த இப்படத்தை அல்பிரட் ஹிச்கொக் நெறிப்படுத்தினார். இங்கிரிட் பேர்க்மனும் கிறெகறி பெக்கும் தலைமைப் பாத்திரங்களை ஏற்றனர். ஆறு ஒஸ்கார் விருதுகளுக்கு முன்மொழியப்பட்ட இப்படம், மிக்லோஸ் ரோஷாவின் இசைக்காக ஒன்றைப் பெற்றது. அக்காலத்து இரசிகர் இதனைப் பெரிதும் விரும்பிப் பார்த்தனர்.

கதை ஒரு மனநோய் வைத்தியசாலையில் தொடங்குகின்றது. புதிய தலைமை வைத்தியராக வந்தவர், வெள்ளைத் துணியிற் கோடுகளைக் கண்டால் நடுங்குகின்றார். பெண் வைத்தியர் ஒருவர் மேசை விரிப்பில் முள்ளுக்கரண்டியாற் கோடிழுத்த அளவில் அவர் முகம் வெளிறுகின்றது. வந்தவர் உண்மையான வைத்தியர் அல்லர். தம் பெயரையும் மறந்த நோயாளி. அவ்வைத்தியரைக் கொன்றவர் இவரே எனக் காவலர் தேடுகின்றனர். அவர்மீது அன்பு கொண்ட பெண் வைத்தியர், அவர் கண்ட கனவொன்றை ஆராய்ந்து, மறந்த நினைவை மீட்டு, கொலையாளியையும் கண்டுபிடிக்கின்றார்.

இதனை மறுமுறை பார்ப்பவருக்குச் சுவை குன்றுவதேன்? மர்மம் முன்பே தெரிந்துவிட்டது என்பதே பலரும் சொல்லும் காரணம். ஆனால் இது முழு விடையன்று. திடுக்கிடச் செய்தல் வேறு, பதற்றத்தில் வைத்திருத்தல் வேறு என்று ஹிச்கொக்கே விளக்கியுள்ளார். மேசையின்கீழ் வெடிகுண்டு இருப்பதை அறியாதிருந்து, அது திடீரென வெடித்தால், பார்ப்பவர் சில கணம் அதிர்வர். அது இருப்பதை முன்பே அறிந்தால், மேசையருகே இருப்போர் வீண்கதை பேசப் பேச நெடுநேரம் துடிப்பர். ஆகவே அறிந்திருத்தல் சுவைக்குப் பகையாகவேண்டியதில்லை. 2011இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வாளர் இருவர் வெளியிட்ட ஆய்வொன்றில், முடிவை முன்னரே அறிந்து சிறுகதைகளைப் படித்தோர் அவற்றைக் குறைவாக அன்றிச் சற்றுக் கூடுதலாகவே சுவைத்தமை காணப்பட்டது. முடிவு தெரிந்தபின்னும் நிலைப்பதற்குப் படத்தில் வேறொன்று இருத்தல் வேண்டும் என்பதே இதிலிருந்து பெறப்படுவது.

இரண்டாவது காரணம் தொழில்நுட்பம். காதலர் இருவரும் பனிச்சரிவிற் சறுக்கிச் செல்லும் உச்சக் காட்சி, படப்பிடிப்பு நிலையத்தில் நடிகரை நிறுத்திப் பின்னாலுள்ள திரையில் மலைக்காட்சியை ஓடவிட்டு எடுக்கப்பட்டது. இன்றைய கண்ணுக்கு அது பொம்மலாட்டம்போற் படுகின்றது. எனினும் இக்குறையை மன்னித்துவிடலாம். ஓவியர் சல்வடோர் டாலி வகுத்த கனவுக் காட்சியோ, கண்கள் தீட்டிய திரைச்சீலைகளோடும் முகமற்ற மனிதனோடும் இன்றும் வியப்பூட்டுகின்றது.

மன்னிக்கக் கடினமானது மூன்றாவது குறை. நினைவு பற்றிப் படம் கூறும் செய்தியே அது. மனம் பூட்டிய அறை. துன்ப நினைவு அதனுள் ஒரு சிதைவுமின்றிக் கிடக்கின்றது. கதவைத் திறந்தால் நோய் அக்கணமே தீரும் என்பதே படத்தின் அடிப்படை. காதலர் முதன்முதல் முத்தமிடுகையிற் கதவுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திறப்பதாகக் காட்டுவதும் இதனாலேயே. இளம்பருவத்தில் தம்பி கூர்முனை வேலியில் விழுந்திறந்ததை நினைத்த மாத்திரத்திற் கதைத்தலைவர் தெளிவடைகின்றார். செல்ஸ்னிக் தாமே உளப்பகுப்பாய்வுச் சிகிச்சை பெற்றவர். தமக்குச் சிகிச்சையளித்தவரையே படத்தின் ஆலோசகராகவும் அமர்த்தினார். ஆதலின் இச்செய்தி அறிவியலின் உறுதியோடு மக்களிடம் சென்றது.

உண்மை வேறாயிருந்தது. படம் வருவதற்குப் பதின்மூன்று ஆண்டுகள் முன்னரே, 1932இல், கேம்பிறிட்ஜ் உளவியலறிஞர் பிறெடெரிக் பார்ட்லெட் நினைவு பற்றிய நூலொன்றை வெளியிட்டிருந்தார். வட அமெரிக்கப் பழங்குடியினரின் கதையொன்றை ஆங்கிலேயருக்குப் படிக்கக் கொடுத்து, பின்னர் பலமுறை திருப்பிச் சொல்லச் செய்தார் அவர். விளங்காத பகுதிகள் மறைந்தன. அயலானவை பழகியவையாக மாறின. நினைவு என்பது களஞ்சியத்திலிருந்து எடுத்து வருவதன்று, எடுக்குந்தோறும் புதிதாகக் கட்டப்படுவது என அவர் காட்டினார். 1995இல் எலிசபெத் லொப்டஸ் என்னும் அமெரிக்க அறிஞர், சிறுவயதிற் கடைத்தொகுதியொன்றிற் காணாமற்போனதாக நடவாத நிகழ்ச்சியொன்றைச் சிலரிடம் கூறி ஆராய்ந்தார். ஏறத்தாழ நாலிலொரு பங்கினர் அதனை முழுமையாகவோ பகுதியாகவோ தம் நினைவாகவே ஏற்றுக்கொண்டனர்.

இது வெறும் ஏட்டுச் சர்ச்சையன்று. 1980களிலும் 1990களிலும் அமெரிக்காவில், சிகிச்சையின்போது 'மீட்கப்பட்ட' நினைவுகளைக் கொண்டு பிள்ளைகள் தம் பெற்றோர்மீது கொடிய குற்றங்களைச் சுமத்திய வழக்குகள் பல எழுந்தன. மகளின் மீண்டுவந்த நினைவை நம்பி 1990இல் கலிபோர்னியாவில் ஒருவருக்கு வழங்கப்பட்ட கொலைத் தீர்ப்பு, 1995இல் தள்ளப்பட்டது. துன்புற்றோர் கூறுவன யாவும் பொய்யென்று இதனாற் கொள்ளுதல் பெருந்தவறு. உண்மையான கொடுமைகளும் நெடுங்காலம் கழித்தே வெளிவருவதுண்டு. ஆனால் தெளிவாகத் தோன்றும் நினைவு தெளிவான சாட்சியாகிவிடாது. இருபாலாருக்கும் நீதி கிடைக்க வேண்டுமாயின் வேறு சான்றும் தேடப்படல் வேண்டும். இப்படமும் ஓரிடத்தில் அவ்வாறே நடந்துகொள்கின்றது. நினைவு மீண்டபின்னும் வழக்கு முடியவில்லை. இறந்தவரின் உடலிற் கண்டெடுத்த துப்பாக்கிக் குண்டும், கொலையாளி வாய்தவறிச் சொன்ன சொல்லொன்றுமே உண்மையை வெளிப்படுத்துகின்றன.

படம் பற்றிய நினைவும் இவ்விதிக்கு விலக்கன்று. டாலியின் கனவு நெடுநேரம் ஓடியதாக எண்ணியிருந்தவர், அது சில நிமிடங்களே என்று கண்டு திகைப்பார். மேலும் அன்று பொருட்படுத்தாத சில இன்று உறுத்தும். காதலிக்கும் பெண்ணின் அறிவை நம்பலாகாது என்னும் கருத்துப்பட முதிய ஆசிரியர் பேசுவது அவற்றுளொன்று. ஆயினும் அவ்வேளனங்களைக் கடந்து உண்மையைக் கண்டவர் அப்பெண்ணே என்பதும் இன்றுதான் தெளிவாகப் புலப்படுகின்றது.

ஆகவே இவ்வேமாற்றத்தை இழப்பென்று மட்டும் கொள்ளவேண்டியதில்லை. பார்த்தவர் இடையிற் கற்றதன் அளவையே அது காட்டுகின்றது. அன்று வியந்த பிள்ளை அறிவிலியுமல்லன். தன் காலத்து அறிவைக் கொண்டே அவன் வியந்தான். இன்று பார்ப்பவர் தம் காலத்து அறிவைக் கொண்டு பார்க்கின்றார். இன்னும் இருபது ஆண்டுகள் கழிந்தபின் இவரது இன்றைய தீர்ப்பும் திருத்தம் பெறக்கூடும். அதனை ஏற்கும் மனம் வாய்த்தவருக்குப் பழைய படத்தை மறுமுறை பார்ப்பது வீணான பொழுதாகாது.